ஃபுல்லர், ஸ்வேஜ், ஃபிளாட்டர் ஆகிய கனமான கருவிகளைப் பட்டறையிலேயே அடித்துக்கொள்வது பற்றி

கேள்வி: தென்கரைப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பட்டறையில் இதுவரை அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து அடிப்பதும் தேய்ந்த கடப்பாரைக்கு முனை நீட்டித் தருவதுமே வேலையாக இருந்தது. அதற்குக் கைச்சுத்தியல், 8 பவுண்டு சம்மட்டி, வெட்டிரும்பு, நாலைந்து குறடுகள் ஆகியவையே போதுமாக இருந்தன. இப்போது பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்கள், வெல்டிங் தடம் எங்கும் தெரியாதபடி ஜன்னல் கம்பிகளையும் படிக்கட்டுக் கைப்பிடிகளையும் அடித்துத் தரும்படி கேட்டு வருகிறார்கள். 16 மி.மீ. சதுரக் கம்பியின் முனையை 12 மி.மீ. உருண்டையாக இறக்கி, பட்டையில் போட்ட துளைக்குள் நுழைத்து, மறுபுறம் ரிவெட் போலத் தட்டி விரிக்கும் வேலை அது. கைச்சுத்தியலால் மட்டும் அடித்தால் ஒரு முனைபோல் இன்னொரு முனை வருவதில்லை, சதுரம் உருண்டையாக இறங்கும் இடத்துத் தோள் சாய்ந்துவிடுகிறது.

இதற்கு ஃபுல்லர் (உருண்ட விளிம்பால் பள்ளம் இறக்குவது), ஸ்வேஜ் (பள்ளமுள்ள முகத்தால் கம்பியை உருட்டி வடிப்பது), ஃபிளாட்டர் (தட்டை முகத்தால் சமப்படுத்துவது) மூன்றும் வேண்டும் என்பது புரிகிறது. கடையில் கிடைப்பவற்றைவிட எங்கள் வேலைக்கு ஏற்ற அளவில் நாங்களே அடித்துக்கொள்ள விரும்புகிறோம். கைவசம் லாரி ஸ்பிரிங் பட்டைகள் நிறைய இருக்கின்றன, 50 மி.மீ. விட்டமுள்ள பழைய பின்பக்க அச்சு ஒன்றும் இருக்கிறது. அடைகல்லில் (இரும்பை வைத்து அடிக்கும் கட்டியில்) 25 மி.மீ. சதுரத் துளை உண்டு. உலைக்கு மின்சார ப்ளோயர், கரி சீமைக்கருவேலங்கரி. எந்த இரும்பை எடுப்பது, காம்பு நுழையும் துளையான கண்ணை எப்படிக் கோணாமல் போடுவது, துவைச்சல் (காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ விட்டு இறுகவைப்பது) எவ்வளவு கொடுப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். பெரும்பாலான நாட்களில் பட்டறையில் நான் ஒருவன் மட்டுமே இருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: உலைக்களத்தார்

தம்பி, கேட்ட மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். இவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் செய்த கருவி அடுத்ததைச் செய்ய உதவும்படி அந்த வரிசை அமைய வேண்டும். முதலில் கண் போடும் பஞ்ச், அடுத்து அந்தக் கண்ணை விரிக்கும் டிரிஃப்ட், பிறகு மேல் ஃபுல்லரும் கீழ் ஃபுல்லரும், அதன் பிறகு ஸ்வேஜ், கடைசியாக ஃபிளாட்டர். ஃபிளாட்டரின் கழுத்தை இறக்குவதற்கு ஃபுல்லர் வேண்டும் என்பதால் அதை முதலில் எடுத்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு ஃபுல்லர் தேடிப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

லாரிப் பட்டையை இதற்கு மறந்துவிடுங்கள். அரிவாளுக்கும் கத்திக்கும் அது தங்கம். ஆனால் இந்தக் கருவிகளுக்கு வேண்டியது கனம், பட்டையில் அது கிடையாது. இரண்டு மூன்று பட்டைகளை அடுக்கி உலைப்பற்று வைத்து (உலையில் காய்ச்சி அடித்தே ஒட்டவைத்து) கட்டியாக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த உழைப்பில் பாதியை விற்றாலே புது உருளை வாங்கிவிடலாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். உங்களிடம் இருக்கும் அச்சு நல்ல இரும்பு. 50 மி.மீ. உருளையை நீளம் கூடாமல் சதுரமாக்கினால் பக்கத்துக்கு 44 மி.மீ. வரும். 100 மி.மீ. நீளத் துண்டு ஒன்று ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். மேல் ஃபுல்லருக்கும் மேல் ஸ்வேஜுக்கும் அந்த எடை சரியாக இருக்கும்.

பஞ்சுக்கு, பாறை உடைக்கும் ஜாக்ஹேமரின் தேய்ந்த உளித் துண்டு மிகவும் ஏற்றது. நடுவில் துளை இல்லாத உளியாகப் பார்த்து எடுங்கள். அதன் முனையை 22-க்கு 10 மி.மீ. அளவில், மூலைகள் உருண்ட நீள்வடிவமாக, மேலே போகப் போகச் சிறிது பருக்கும்படி அடித்துக்கொள்ளுங்கள். அடிமுகம் தட்டையாக இருக்க வேண்டும். கூராக இருந்தால் இரும்பைப் பிளந்துகொண்டு தன் போக்கில் சாயும். டிரிஃப்ட் இரண்டு முனைகளிலும் மெலிந்து, நடுவில் 30-க்கு 20 மி.மீ. நீள்வட்டமாக இருக்கட்டும்.

கண் போடுவதுதான் இந்த வேலையின் உயிர். அதனால்தான் முகத்தை அடிப்பதற்கு முன்பே கண்ணைப் போட வேண்டும் என்கிறோம்; கோணினால் அங்கேயே துண்டை ஒதுக்கிவிடலாம், முகத்துக்குச் செலவிட்ட கரியும் கையும் மிஞ்சும். துண்டைச் சதுரமாக்கி முடித்த பின், எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் நடுக்கோடு கிழித்து, பஞ்ச் உட்காரும் நீளத்தின் இரண்டு முனைகளிலும் ஆழமான குத்துப்புள்ளிகள் வையுங்கள். சுண்ணக்கட்டிக் கோடு உலைக்குள் போனால் தெரியாது, குத்துப்புள்ளி தெரியும். பிறகு துண்டை நன்றாக ஊற வைத்துக் காய்ச்சுங்கள். 44 மி.மீ. கட்டி வெளியே மஞ்சளாகத் தெரிந்தாலும் உள்ளே இன்னும் சிவப்பாகவே இருக்கக்கூடும். அப்படி அடித்தால் மேல்தோல் மட்டும் ஓடும், நடு ஓடாது. காற்றைக் குறைத்து, துண்டின் மேலும் கீழும் கரி இருக்கும்படி மூடி, நிறம் எல்லாப் பக்கமும் ஒன்றானதும் எடுக்க வேண்டும். சீமைக்கருவேலங்கரி சீக்கிரம் எரிந்து இறங்கும் என்பதால், காற்று வரும் வாய்க்கு மேல் ஒரு சாணுக்குக் குறையாமல் கரி நிற்கட்டும். கரி தாழ்ந்தால் காற்று நேரே இரும்பில் பட்டுச் செதிள்தான் மிஞ்சும்.

பஞ்சை வைத்து முதலில் மெதுவாக ஓர் அடி. எடுத்துவிட்டுத் தடம் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் குழிக்குள் ஒரு சிட்டிகை கரித்தூள் போட்டுத் தொடருங்கள். கரித்தூள் புகைந்து எழுந்து, பஞ்ச் சிக்காமல் காக்கும். மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை பஞ்சை எடுத்து ஆற்றுங்கள். இல்லாவிட்டால் முனை வேலைத்துண்டின் சூட்டை வாங்கி உள்ளேயே மழுங்கி மாட்டிக்கொள்ளும். மூன்றில் இரண்டு பங்கு ஆழம் போனதும் அடி கனத்து ஒலிக்கும். அப்போது துண்டைப் புரட்டுங்கள். மறுபக்கத்தில், அடைகல்லைத் தொட்டு ஆறிய இடம் ஒரு கறுத்த நிழலாகத் தெரியும். அந்த நிழலின் மேல் பஞ்சை வைத்து, சதுரத் துளைக்கு நேராகப் பிடித்து அடித்தால் சிறு வில்லை ஒன்று கீழே விழும். வில்லை மெல்லியதாகவும் விளிம்பு ஒழுங்காகவும் இருந்தால் கண் நேராக விழுந்திருக்கிறது என்று பொருள். பிறகு டிரிஃப்டை இரண்டு பக்கமிருந்தும் மாறி மாறி ஓட்டுங்கள். கன்னங்கள் வெளியே உப்பும். டிரிஃப்ட் உள்ளே இருக்கும்போதே அவற்றைத் தட்டிச் சமன் செய்தால் கண் நசுங்காது.

மேல் ஃபுல்லருக்குக் கண் முடிந்த துண்டின் ஒரு முனையை ஆப்புபோல் மெலியவைத்து, விளிம்பை 20 அல்லது 25 மி.மீ. விட்டத்துக்கு உருட்டினால் போதும். கீழ் ஃபுல்லருக்கும் அதே உருட்டல்தான். காம்புக்கு மாறாக 25 மி.மீ. துளைக்குள் இறங்கும் சதுரத் தண்டு வரும். அந்தத் தண்டு துளைக்குள் தளர்வாக, கையாலேயே போட்டு எடுக்கும்படி இருக்க வேண்டும். இறுக்கமாக, அதுவும் கீழே மெலிந்த ஆப்பாகச் செய்துவிட்டு மேலே சம்மட்டியால் அடித்தால், ஒரு நாள் அடைகல்லின் வாலே துளையோடு பிளந்து போகும். அடியைத் தாங்க வேண்டியது தண்டு அன்று, அடைகல்லின் முகத்தில் உட்காரும் தோள். செஞ்சூட்டில் தண்டைத் துளைக்குள் இறக்கி, மேலிருந்து கனமாக நாலு அடி கொடுத்து, அந்தத் தோளை இடைவெளி இல்லாமல் படிய வையுங்கள்.

ஸ்வேஜ் செய்ய ஒரு சுலபமான வழி இருக்கிறது. மேல்துண்டு, கீழ்த்துண்டு இரண்டையும் நன்றாகக் காய்ச்சி, முகத்துக்கு முகம் வைத்து, நடுவில் 12 மி.மீ. குளிர்ந்த உருட்டுக்கம்பியை வைத்து மேலிருந்து சம்மட்டி அடித்தால், இரண்டிலும் ஒரே நேரத்தில் பொருத்தமான பள்ளம் விழும். கம்பியைச் சற்றே சுற்றிச் சுற்றி அடியுங்கள். சூடு ஏறி வளைவதற்குள் மாற்றிவிடுங்கள். பள்ளம் அரைவட்டத்தை எட்டக் கூடாது. இரண்டு முகங்களும் மூடும்போது நடுவில் 2 மி.மீ. இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். பள்ளத்தின் விளிம்புகளை அரத்தால் தாராளமாக உருட்டிவிடுங்கள். கூராக விட்டால், கம்பியின் இரு பக்கத்திலும் இரும்பு மெல்லிய இதழாக எழும்பி, அடுத்த அடியில் அது மடிந்து உள்ளே புதைந்துவிடும். வெளியே பார்க்க அழகாக இருக்கும், ரிவெட் அடிக்கும்போது அந்த மடிப்பு வழியே வாய் திறக்கும்.

ஃபிளாட்டருக்கு மட்டும் இந்த அச்சு போதாது. 60 மி.மீ. சதுர முகம் வேண்டுமென்றால் 50 மி.மீ. உருளையின் முனையை நெட்டுக்குத்தாக நிறுத்திக் குத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்புக்கு விரிக்க வேண்டும். இரண்டு சம்மட்டியாட்கள் இருந்தால் செய்யலாம். ஒற்றை ஆளுக்கு அது வீண் வேதனை. 63 மி.மீ. உருளையில் 80 மி.மீ. வெட்டி வாங்கினால் எடை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். முகத்தை அப்படியே விட்டு, அதற்கு மேலே ஃபுல்லர்களால் கழுத்தை இறக்குங்கள். கனத்தைக் கூட்டுவதைவிடக் குறைப்பது எப்போதும் எளிது. முகத்தின் விளிம்பு சுற்றிலும் சற்று உருண்டிருக்கட்டும்; இல்லையேல் சமப்படுத்தும் ஒவ்வோர் அடியும் ஒரு கோட்டை விட்டுச் செல்லும்.

பதில் 2: உருக்குமானி

மேலே உள்ள பதிலில் வேலைமுறை முழுமையாக வந்துவிட்டதால், இரும்பைப் பற்றியும் துவைச்சலைப் பற்றியும் மட்டும் சேர்க்கிறேன். நான் உருக்காலை ஒன்றின் சூட்டுப்பதப் பிரிவில் வேலை செய்தவன்.

பழைய அச்சை அப்படியே நம்ப வேண்டாம். அது முறிந்ததால் கழற்றப்பட்டதா, தேய்ந்ததால் கழற்றப்பட்டதா என்பதை முதலில் விசாரியுங்கள். முறிந்தது என்றால் முறிவுமுகத்தைப் பாருங்கள்: ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி வளைவு வளைவாக விரியும் மென்மையான கோடுகளும், கடைசியில் கரடுமுரடாகக் கிழிந்த பகுதியும் இருந்தால், அது நாள்பட்ட சோர்வால் வந்த விரிசல். அத்தகைய அச்சில் முறிவுக்கு அருகே கண்ணுக்குத் தெரியாத வேறு விரிசல்களும் இருக்கலாம். அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டி ஒதுக்குங்கள். அச்சின் மேற்பரப்பு கடினமாக்கப்பட்டிருந்தாலும் கவலை இல்லை, உலைச்சூட்டில் அது போய்விடும்.

அச்சு என்ன ரகம் என்று தெரியாதபோது, அதன் ஓரத்தில் விரல் தடிமனுக்கு ஒரு துண்டை நீட்டி, காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே காய்ச்சித் தண்ணீரில் விட்டு, ஆறியதும் குறட்டில் பிடித்து உடைத்துப் பாருங்கள். வளைந்தால் கரிமம் குறைவு. சட்டென்று உடைந்து, முகத்தில் சாம்பல் நிற நுண்மணிகள் தெரிந்தால் போதிய கரிமம் இருக்கிறது. மணிகள் பெரிதாக மின்னினால் அளவுக்கு மீறிக் காய்ச்சியிருக்கிறீர்கள். காந்தம் விடும் சூடு ஏறக்குறைய 770 பாகை செல்சியஸ். அதற்கு மேல் நிறத்தில் சற்று ஏறியதும் 820 முதல் 850 பாகைக்குள் இருப்பீர்கள், துவைச்சலுக்கு அது போதும்.

புதிதாக வாங்குவதானால் ஈ.என். 8 அல்லது ஈ.என். 9 ரக உருக்கு கேளுங்கள். முன்னதில் கரிமம் சுமார் 0.4 விழுக்காடு, பின்னதில் சுமார் 0.55. இரண்டும் உருளையாக எடைக்கு வெட்டித் தரப்படுபவை. ஈ.என். 24 கிடைக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம். நிக்கலும் குரோமியமும் கலந்த அந்த உருக்கு காற்றில் ஆறும்போதே ஓரளவு இறுகும். சூடு இறங்கிய பிறகு சம்மட்டி அடித்தால் விரிசல் விடும், அரமும் ஏறாது. பேரிங் உருக்கும் கைச்சம்மட்டிக்கு ஏற்றதன்று.

துவைச்சல் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஃபுல்லர், ஸ்வேஜ், ஃபிளாட்டர் மூன்றும் செஞ்சூட்டு இரும்பைத் தொடுபவை. நீங்கள் எவ்வளவு கவனமாகப் பதம் வைத்தாலும் நாலு நாள் வேலையில் வேலைமுகம் சூடேறி அந்தப் பதம் இறங்கிவிடும். சூடான இரும்பு மென்மையானது. அதை வடிக்கக் கருவி கண்ணாடிபோல் இறுக வேண்டியதில்லை, வடிவம் கெடாத கனம் இருந்தால் போதும். ஆகவே இவற்றுக்கு நான் துவைச்சலே கொடுக்க மாட்டேன். அடித்து முடித்தபின் காந்தம் விடும் சூட்டுக்குச் சற்று மேலே காய்ச்சி, காற்றோட்டமில்லாத இடத்தில் வெறும் காற்றில் ஆறவிடுங்கள். இதையே மூன்று முறை செய்தால் சம்மட்டி அடியால் உள்ளே ஏறிய இறுக்கம் தளர்ந்து மணியமைப்பு சீராகும். இதைத்தான் நார்மலைஸ் செய்வது என்கிறார்கள்.

வெட்டிரும்புக்கும் பஞ்சுக்கும் மட்டும் துவைச்சல் தேவை. அதுவும் வேலைமுனையில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும். எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து அதில் விடுங்கள், ஈ.என். 8 போன்ற குறைந்த கரிமமானால் தண்ணீர் வேண்டியிருக்கும். பிறகு முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கச் சூடு முன்னே ஓடிவரும் நிறத்தைப் பாருங்கள். இளமஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக வரும். சுமார் 300 பாகையில் வரும் நீலம் முனையை எட்டியதும் நிறுத்திவிடுங்கள்.

சம்மட்டி படும் தலைப்பக்கம் எக்காரணம் கொண்டும் கடினமாகக் கூடாது. கடினமான தலையும் கடினமான சம்மட்டியும் மோதினால் சிதறும் சில்லு கண்ணுக்குத்தான் போகும். தலையின் விளிம்பைச் சாய்வாக அரைத்து, நடுவைச் சற்றுக் குவிந்ததாக வையுங்கள். நாளடைவில் அது காளான் குடை போல விரிந்து தொங்கும். தொங்கும் உதடுகளைக் கிரைண்டரில் எடுக்காமல் ஓர் அடிகூட அடிக்க வேண்டாம். கண்ணாடி அணிவதைப் பட்டறையில் பலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுப்பதில்லை.

பதில் 3: ஒற்றையாள்

தனியாக வேலை செய்கிறேன் என்று கேள்வியில் சொல்லியிருப்பதை மேலே இருவரும் கடந்து போய்விட்டார்கள். ஒரு கையில் குறடு, ஒரு கையில் மேல்கருவி என்றால் சம்மட்டியை யார் பிடிப்பது? காம்பு போட்ட மேல்கருவிகள் எல்லாம் இரண்டு பேர் இருக்கும் பட்டறைக்கென்று உருவானவை.

தனியாளுக்கு ஸ்பிரிங் ஸ்வேஜ்தான் வழி. மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் ஒரு வளைந்த பட்டையால் இணைத்து, கீழ்த்துண்டில் சதுரத் தண்டு வைத்து அடைகல் துளையில் செருகிவிட்டால், இடக்கையில் வேலைத்துண்டைக் குறட்டால் பிடித்து, வலக்கையில் கைச்சுத்தியலால் மேல்துண்டை அடிக்கலாம். ஒவ்வோர் அடிக்கும் பட்டை மேல்துண்டைத் தானே தூக்கிக் கொடுக்கும். இரு பள்ளங்களும் எப்போதும் நேருக்கு நேர் நிற்கும் என்பது கூடுதல் நன்மை. உங்கள் 12 மி.மீ. முனைகள் ஒன்றுபோல் வருவதற்கு அதுவே காரணமாகும். இதற்குக் கருவி ஒன்றரைக் கிலோ இருக்க வேண்டியதும் இல்லை. 25 மி.மீ. சதுரத்தில் விரல் நீளத் துண்டுகள் போதும். கனத்தைவிடச் சுத்தியலின் வேகம் இங்கே உதவுகிறது.

இணைக்கும் பட்டைக்கு லாரிப் பட்டையை எடுக்கத் தோன்றும், பெயரே ஸ்பிரிங் என்பதால். வேண்டாம். அதை வெல்டிங் செய்தால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் இறுகி, சில நூறு அடிகளுக்குள் அங்கேயே முறியும். 30-க்கு 6 மி.மீ. சாதாரண எம்.எஸ். (கரிமம் குறைந்த மென்னுருக்கு) பட்டையை ஒரு பெரிய வளையமாக வளைத்தால் தேவையான துள்ளல் தானே வரும்.

வெல்டிங் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கீழ்க்கருவிக்குத் தண்டும் தோளும் ஒரே துண்டிலிருந்து அடித்துத்தான் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 50 மி.மீ. கட்டியில் 25 மி.மீ. சதுரத் தண்டை இழுத்து எடுப்பதற்கு ஒரு மூட்டைக் கரி போகும். அதே தண்டைத் தனியாக வெட்டி, விளிம்பைச் சுற்றிலும் ஆழமாகச் சாய்வெடுத்து வெல்டிங் செய்தால் அடி முழுவதும் தோளில்தான் இறங்குகிறது. வெல்டுக்கு வேலையே இல்லை, கருவி நகராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் பொறுப்பு. எம்.எஸ். கட்டியானால் எந்தக் குச்சியும் போதும். ஈ.என். 8 அல்லது அச்சு உருக்கானால் 250 பாகை அளவுக்கு முன்சூடு செய்து, உலர்ந்த 7018 ரக வெல்டிங் குச்சி போட்டு, முடிந்ததும் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட வேண்டும். மேல்கருவிகளில் கண் இருக்கும் இடத்தில் வெல்டிங் போட நானும் சம்மதிக்க மாட்டேன்.

சதுரத் துளையே இல்லாத கட்டி அடைகல் வைத்திருப்பவர்கள், தண்டுக்குப் பதிலாகக் கருவியின் இரு பக்கமும் ஆங்கிள் துண்டுகளைத் தொங்கவிட்டு, அடைகல்லின் மேல் கவிழ்த்து உட்காரும்படி செய்துகொள்ளலாம்.

கேள்வியாளர்: தென்கரைப் பட்டறை

மூவருக்கும் மிக்க நன்றி. கடைக்காரரிடம் விசாரித்ததில் அச்சு முறிந்ததால் கழற்றப்பட்டதன்று, வண்டியைப் பிரித்தபோது எடுத்தது என்று தெரிந்தது. பதிலில் சொன்னபடி ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் விட்டு உடைத்தும் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் நுண்மணியாகவே இருக்கிறது. 12 மி.மீ. முனைகளுக்கு ஸ்பிரிங் ஸ்வேஜையும், வாரத்தில் தம்பி உடனிருக்கும் நாட்களுக்கு ஃபுல்லர்களையும் முதலில் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஃபிளாட்டருக்கு 63 மி.மீ. உருளை வந்தபிறகு தொடங்குவேன்.

உலைக்களத்தார் ஐயாவிடம் ஒரு சந்தேகம். மேல்கருவிகளின் காம்பை, சுத்தியலுக்குச் செய்வதுபோல் ஆப்பு அடித்து இறுக்க வேண்டுமா? எங்கள் பக்கம் கருவேலங்காம்பு எளிதாகக் கிடைக்கிறது.

பதில் 1-இன் தொடர்ச்சி: உலைக்களத்தார்

ஆப்பு வேண்டாம், தம்பி. சுத்தியலைச் சுழற்றுகிறோம், அதனால் தலை கழன்று பறக்காமல் இறுக்குகிறோம். மேல்கருவியை யாரும் சுழற்றுவதில்லை. வேலைத்துண்டின் மேல் வைத்துப் பிடிப்பதோடு சரி. காம்பை இறுக்கிவிட்டால் ஒவ்வொரு சம்மட்டி அடியும் நேரே மணிக்கட்டுக்கு வரும். முகம் சற்றுச் சாய்வாக உட்கார்ந்திருந்தால் தலை தானாகத் திரும்பிப் படியவும் முடியாமல், காம்பு கண்ணருகே முறியும். கண்ணுக்குள் கையால் தள்ளினால் நுழையும் அளவுக்குச் செதுக்கி, மறுபக்கம் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். தளர்ந்தால் காம்பின் அடியைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் தலை மீண்டும் ஏறிக்கொள்ளும். கருவேலம் உறுதியானதுதான், ஆனால் செஞ்சூட்டு இரும்புக்கு மேலே நாள் முழுக்க நிற்பதால் எந்த மரமும் கீழ்ப்பக்கம் கருகும், எனவே இரண்டு காம்புகள் கூடுதலாகச் செதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கண் போடும் வேலை கைவரும்வரை இன்னொரு வழியும் உண்டு. கண்ணே போடாமல், துண்டின் இடுப்பைச் சுற்றி ஃபுல்லரால் ஒரு பள்ளம் இறக்கி, 8 மி.மீ. கம்பியைச் செஞ்சூட்டில் அந்தப் பள்ளத்தில் ஒன்றேகால் சுற்றுச் சுற்றி, இரண்டு வால்களையும் சேர்த்து முறுக்கினால் அதுவே காம்பாகும். கம்பி அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும், கருகவும் செய்யாது. சூடு ஏறும் என்பதால் பிடிக்கும் இடத்தில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒற்றையாள் சொன்ன வெல்டிங் தண்டைப் பற்றி என் கருத்து வேறு. இருந்தாலும் முன்சூடும் சாம்பலும் தவறாமல் செய்தால் கீழ் ஸ்வேஜுக்கு அது தாங்கும்.